பெருந்துறைத் தண்ணீர் மேல் விழுந்த பழி

என் வலது புறங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கிறது. கீழுதட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே சில, தொடையிலும் முதுகிலும் இன்னும் சில. கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் உதிரி பாகக் கடை வைத்திருப்பவன் நான். பில் போட்டு நீட்டும்போது வருகிறவர்களின் கண் நேராக என் கைக்குத்தான் போகிறது. "ஏனுங்க, தீக்காயமுங்களா?" என்கிறார்கள். உதட்டைப் பார்ப்பவர்கள் கேட்பதுகூட இல்லை. பீடி குடிக்கிற ஆள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். என் வாழ்நாளில் பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆளாளுக்குக் கதை சொல்லி எனக்கும் அலுத்துப்போயிற்று. உடம்பு தேறிவிட்டது, பொழுதும் இருக்கிறது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயமுத்தூர்க்காரனுக்கு வேறு எந்தப் பெருமை இல்லாவிட்டாலும் தண்ணீர்ப் பெருமை கட்டாயம் இருக்கும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு வேறு எதுவும் பிடிக்காது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். எனக்கு அது கொஞ்சம் தலைக்கேறிய பெருமை. பழனிக்குப் போனாலும் ஊட்டிக்குப் போனாலும் எனக்கு முன்னால் வீட்டுத் தண்ணீர் கேன் வண்டியில் ஏறிவிடும்.

என் மனைவி சரசுவின் பிறந்த வீடு பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அவளுடைய அண்ணன், என் மச்சான் பழனிச்சாமி, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு பவர்லூம் தறியும் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். சில வருடங்களுக்கு முன்னால் அவர்கள் கிணறு வற்றிப்போய், போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த முதல் தடவையே எனக்கு வயிறு கெட்டது. அடுத்த தடவை நான் கேனோடு போய் இறங்கினேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கால் வைத்ததும் "வாங்க" என்ற சொல்லோடு சொம்புத் தண்ணீரும் வந்துவிடும். மச்சானின் மனைவி கொண்டுவந்து நீட்டிய சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, என் கேனைத் திறந்து ஊற்றிக் குடித்தேன்.  அந்த அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது சரசு அவினாசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள்.

"எங்கூட்டுத் தண்ணிய வாய்ல வெக்க மாட்டேங்கற ஆளுக்கு எம்பட கையால சோறு மட்டும் என்னத்துக்குங்க?"

அதோடு பெருந்துறைக்குக் கேன் கொண்டுபோவதை விட்டேன். கொடுத்த சொம்பைச் சிரித்த முகத்தோடு வாங்கிக் குடிக்கப் பழகினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருமுறை போய்வந்த அன்று புறங்கை அரித்தது. காசு அளவுக்குச் சிவந்து, நாவற்பழ நிறமாகி, பிறகு கறுத்து அப்படியே நின்றுவிட்டது. ஏதோ பூச்சிக்கடி என்று களிம்பு தடவினேன். பொங்கலுக்குப் போய்வந்தபோது அதே வட்டம் அதே இடத்தில் மறுபடியும் கிளம்பியது. கூடவே உதட்டிலும் ஒன்று. அதற்கடுத்த தடவை கையில் இன்னும் இரண்டு. காட்டிய டாக்டர்களும் களிம்புதான் எழுதிக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களுக்குப் போய் வந்தால் ஒன்றுமில்லை. இதை முதலில் கவனித்தது என் மகன் கார்த்தி. "அப்பா, பெருந்துறைத் தண்ணிதான் உங்களுக்கு அலர்ஜி" என்றான். நான் வெற்றி பெற்றவனைப் போல சரசுவைப் பார்த்தேன்.

அதற்குள் சொந்தக்காரர்கள் என் சாப்பாட்டில் கை வைத்துவிட்டார்கள். கத்தரிக்காய் அரிப்பு, கருவாடு அரிப்பு, நிலக்கடலை சூடு, தேங்காய் கரப்பான். நிலக்கடலையும் தேங்காயும் கூடாதென்றால் கொங்கு நாட்டில் ஒருவன் சட்டினிக்கு எங்கே போவான்? இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்று காலத்தை ஓட்டினேன். பெருந்துறைப் போக்குவரத்தும் குறைந்தது. சரசு மட்டும் காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் தோல் என்னுடையதாயிற்றே.

மச்சான் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்து, உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்கிற நாள் வந்தபோது போகாமல் இருக்க முடியவில்லை. பெண்ணுக்கு ஒரே அத்தை சரசு. நான் மாமன். போனேன், சிரித்தேன், சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால் உதடு தக்காளி மாதிரி வீங்கிக் கொப்பளித்திருந்தது. கை, தொடை, முதுகு என்று எங்கெங்கும் வட்டம் வட்டமாகச் சிவந்து, நடுவில் நீர் கோத்திருந்தது. வாய்க்குள் எச்சில் விழுங்க முடியவில்லை. கார்த்தி என்னைக் காரில் போட்டு அவினாசி ரோட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஓட்டினான்.

அவசரப் பிரிவு டாக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்தார். மூத்திரம் போகும்போது எரிகிறதா என்று கேட்டார். பிறகு கொப்பளத்துக்குப் பக்கத்தில் நல்ல தோலை விரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தார். தள்ளினால் தோல் வழுக்கிக்கொண்டு உரிகிறதா என்று பார்க்கிறாராம். மருந்து ஒவ்வாமையில் கொடிய வகை ஒன்று உண்டு, வெந்நீர் கொட்டியது போல உடம்பு முழுக்கத் தோல் உரிந்து உயிருக்கே வினையாகிவிடும், அது இல்லை என்று உறுதியாகும் வரை விட முடியாது என்றார்.  தோலைத் தள்ளிப் பார்த்த இடம் நகரவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஆனாலும் வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டு இஸ்மாயில் பாய். பித்தளைப் பாத்திரக் கடைக்காரர். மகன் நிக்காவுக்காகத் தலைக்குச் சாயம் அடித்து, முகம் பூசணிக்காயாக வீங்கி வந்து சேர்ந்தவர். கண் இரண்டும் கோடாக இருந்தது.

"மாப்பிள்ளையோட அத்தா வயசாத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேங்க. இப்ப ஆளே தெரியலை" என்றார். எனக்குச் சிரிக்க முடியவில்லை, உதடு வெடித்துவிடும். அவர் வீட்டம்மா அவருக்குக் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியில் உறைப்பில்லாமல் எனக்கென்று தனியாக ஒரு தூக்கு காய்ச்சி அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்கள். என் புண் வாய்க்கு முதலில் ஒத்துக்கொண்ட சாப்பாடு அதுதான்.

மறுநாள் தோல் டாக்டர் வந்தார். வயதில் சின்னப் பெண். பேச்சைக் கேட்டதும் நம் பக்கம் என்று தெரிந்தது, ஊர் கிணத்துக்கடவாம். கையில் அரிசி அளவு தோலை மரக்கவைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். என் பழைய கறுப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் இதே எடத்துலதான் வருதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று இதற்கு முன்னால் எல்லா டாக்டரும் கேட்டிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை மட்டும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இவரிடமும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மருந்துன்னு நான் கேக்கலைங்க. அன்னைக்கு ஊட்டைப் பூட்டுனதுல இருந்து ஒடம்பு அரிச்ச வரைக்கும் வரிசையாச் சொல்லுங்க. தின்னது, குடிச்சது, பூசுனது, ஒண்ணும் உடாதீங்க."

இப்படிக் கேட்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. என் கடையிலும் கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து வைத்து "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா எரிஞ்சு போச்சு" என்பார்கள். சுவிட்சைப் போட்டதிலிருந்து சொல்லச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும். நானும் வரிசையாகச் சொன்னேன்.

"காலைல இட்லிங்க. குளிச்சு, வேட்டி கட்டி, வண்டி எடுத்தோம். அவினாசில பேக்கரில நிறுத்துனோம். ஒரு டீ, ரெண்டு தேங்கா பன்னு."

"தேங்கா பன்னு எப்பத் தின்னீங்க?" என்றாள் சரசு.

"நீ பாத்ரூம் போனப்ப."

"தேங்காயே ஆகாதுன்னு நான் ஊட்டுல பூட்டி வெச்சிருக்கறேன், இவரு பேக்கரில நின்னு தின்னுபோட்டு வர்றாரு பாருங்க டாக்டரம்மா."

"அதை ஊட்டுல போயிப் பேசிக்குங்கம்மா. அப்புறம்?"

"அப்புறம் நேராப் பெருந்துறைதானுங்க."

"அதுக்கு முன்னால வயித்து மாத்திரையப் போட்டீங்கல்ல" என்றாள் சரசு, பன்னுக் கோபம் தீராமல். "அதையும் சொல்லுங்க. ஒண்ணும் உட வேண்டாங்கறாங்கல்ல."

டாக்டர் நிமிர்ந்தார். "எந்த மாத்திரைங்கம்மா?"

சரசு கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கேனை விட்ட பிறகு, எங்கள் தெரு மெடிக்கலில் தெரிந்தவர் எனக்குச் சொன்ன யோசனை அது. தண்ணீர் மாறுவதற்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டால் வயிறு கெடாது என்றார். அவினாசி பேக்கரியில் நின்று, பாட்டிலில் இருக்கும் வீட்டுத் தண்ணீரின் கடைசி மடக்கில் அதை விழுங்கிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் பெருந்துறைக்குப் போவேன். சரசு கையால்தான் எடுத்துக் கொடுப்பாள்.

"இது மருந்தில்லீங்க" என்றேன். "வியாதிக்குப் போட்டாத்தானுங்களே மருந்து. இது சும்மா, தண்ணி ஒத்துக்கறதுக்கு."

"வேற ஊருக்குப் போறப்பவும் போடுவீங்களா?"

"வேற ஊருக்குக் கேன் எடுத்துக்குவோமுங்க" என்றாள் சரசு. "அங்க கேன் கொண்டுபோனா எங்கண்ணன் சங்கடப்படும்."

"இந்தத் தடவை ஒண்ணுதான் போட்டாரா?"

"ராத்திரி வந்ததும் ஒடம்பு கடுகடுன்னுது. தண்ணி வேலையக் காட்டிருச்சுன்னு இன்னொண்ணு போட்டேனுங்க" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்த மாத்திரைக்குள் ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் என்று கிருமிகளைக் கொல்லும் இரண்டு மருந்துகள் இருக்கின்றன என்றார். சிலர் உடம்புக்கு இப்படி ஒரு மருந்து ஆகாமல் போகும். ஆகாத மருந்து முதலில் தோலில் எந்த இடத்தைத் தாக்குகிறதோ, அந்த இடம் அதை மறக்காது. உடம்பின் காவல் அணுக்கள் சில அங்கேயே தங்கிவிடும். மறுபடி அந்த மருந்து ரத்தத்தில் வந்ததும் அதே இடத்தில் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் புதிய இடங்களும் சேரும். நிலைத்த மருந்துப் படை, அதாவது மருந்தால் அதே இடத்தில் வரும் தோல் தடிப்பு, என்று இதைச் சொல்லலாம் என்றார். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேங்காயைத் திறந்து விடுங்கள் என்று சரசுவிடம் சொன்னார்.

அவர் போன பிறகு சரசு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கையாலயே குடுத்துப்போட்டேனுங்களே."

"வாங்குனது நானு, முழுங்குனது நானு. நீ எடுத்துத்தான குடுத்தே அம்மணி" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. உப்புத் தண்ணீர் பட்டு உதடு எரிந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

தோல் சோதனை முடிவும் டாக்டர் சொன்னதற்கு ஒத்து வந்தது. கொப்பளம் காய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லைக் கார்த்தி என் கண்ணில் காட்டவே இல்லை. "மோட்டாருக்குக் காயில் கட்டுன செலவுன்னு நெனச்சுக்குங்க" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இஸ்மாயில் பாய்க்கு அதற்குள் கண் திறந்திருந்தது. வெள்ளைத் தலையோடு நிக்காவில் நிற்கப்போவதாகச் சொல்லி விடை கொடுத்தார்.

ஆனால் வீட்டில் வழக்கு முடியவில்லை. மாத்திரையாக இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாமே என்றான் கார்த்தி. அடுத்த தடவை உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது, கல்யாணத்துக்கு நீங்கள் போக வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அடிமனதில் அந்தத் தண்ணீர் மேல் சந்தேகம் போகவில்லை. இத்தனை வருடம் திட்டிய தண்ணீரை ஒரே நாளில் யோக்கியன் என்று ஒப்புக்கொள்வது சுலபமா?  ஒரு நாள் சரசு துணி மடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு நான் மட்டும் போயி ஒரு எட்டு நின்னுபோட்டு வந்தர்றேனுங்க" என்றாள். அண்ணன் மகள் கல்யாணத்தில் ஒரே அத்தை புருஷனில்லாமல் தனியாகப் போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

எந்த மருந்து என்று உறுதி செய்ய இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. சில வாரம் கழித்து, மருத்துவமனையில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையின் வேகம் உடம்பை விட்டுப் போன பிறகு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். மருந்தை மறுபடி கொஞ்சமாக விழுங்க வைத்துப் பார்க்கிற முறையும் உண்டாம். ஆனால் என்னைப் போல உடம்பெல்லாம் கொப்பளித்தவனுக்கு அது ஆபத்து என்றார். அதனால் இரண்டு மருந்துகளையும் தனித்தனியாக வாசலினில் குழைத்து, கையிலுள்ள பழைய கறுப்பு வட்டங்களின் மேல் ஒட்டுப்போடப் போவதாகச் சொன்னார். முதுகில் நல்ல தோலிலும் அதே போல. வெறும் வாசலின் ஒரு வட்டத்தில், ஒப்பிட்டுப் பார்க்க. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டாம்.

"டாக்டரம்மா, ஒரு ஒத்தாசை" என்றாள் சரசு. "எங்கூட்டுத் தண்ணியும் ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க."

"அதுக்கு அவசியமே இல்லீங்கம்மா."

"உங்களுக்கு இல்லீங்க. எனக்கு இருக்குதுங்க."

 டாக்டர் சரி என்றார். வாசல் பக்கத்தில் நின்ற மச்சான் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். சரசு போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். அவர்கள் போர் தண்ணீர். முழங்கைக்குக் கீழே இன்னொரு வட்டத்தில் அதை நனைத்து ஒட்டினார்கள்.

மறுநாள் பிரிப்பதற்குள்ளேயே ஒரு ஒட்டுக்கு அடியில் குறுகுறுவென்று அரித்தது. எது எங்கே ஒட்டியது என்று எனக்கு ஞாபகமில்லை. தண்ணீராக இருந்துவிடக் கூடாதே என்று முதன்முதலாக வேண்டிக்கொண்டேன். நான் அப்படி வேண்டிக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வாசலின் வட்டம் சும்மா கிடந்தது. ஆஃப்லாக்சசின் சும்மா கிடந்தது. ஆர்னிடசோல் ஒட்டிய வட்டம் சிவந்து தடித்திருந்தது. முதுகில் அதே மருந்து ஒட்டிய நல்ல தோலில் ஒன்றுமில்லை. கடைசியாகத் தண்ணீர். வட்டம் கறுப்பாக, அமைதியாக, நேற்று இருந்த மாதிரியே இருந்தது. சரசு அதன் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். என் கை சிவந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆர்னிடசோலும் அந்தக் குடும்பத்து மருந்துகளும் இனி ஆகாது என்று டாக்டர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். மருந்துக்கடையிலும்.

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்தோம். மச்சான் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "உங்க தண்ணி மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன் மச்சான்" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அதைப் பத்தி ஒண்ணு சொல்லோணுமுங்க மாப்ள" என்றார். "அந்தத் தண்ணிய நீங்க ரொம்ப வருசமாக் குடிச்சதே இல்லீங்க."

எங்களுக்கு விளங்கவில்லை.

"அன்னைக்குக் கேன் கொண்டாந்தீங்கல்ல. அதுக்கப்புறம் நீங்க வர்றீங்கன்னு சேதி தெரிஞ்சா கோயமுத்தூருல சிங்காநல்லூரு சித்தி ஊட்டுக்குப் போயி ஒரு கேன் சிறுவாணித் தண்ணி புடிச்சாந்து வெச்சுக்குவேனுங்க. உங்க சொம்புல ஊத்துனதெல்லாம் அதுதான்."

சரசுவுக்கே இது தெரியாது. அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒவ்வொரு தடவையும் வண்டில வர்றப்ப, நாக்கெல்லாம் உப்புக் கரிக்குதுன்னு சொல்லுவீங்களே, அது எந்தத் தண்ணிங்க?" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்புறம் ஏன் மச்சான் சொல்லலை? இத்தனை பேரு தண்ணியத்தான திட்டுனோம்?"

"தண்ணி இல்லீன்னு சொன்னா அடுத்தது சமையலுன்னு வருமுங்க. எம்பட ஊட்டுக்காரி அழுவா" என்றார் மச்சான். "தண்ணி அழுவாதுங்களே."

கல்யாணத்துக்கு முதல் நாளே போய் இறங்கினோம், கார்த்தியும் சேர்ந்து. பந்தல் போட்டிருந்தார்கள், வாசலில் ஏகப்பட்ட செருப்பு. அந்த அக்கா "வாங்க தம்பி" என்று சொம்போடு வந்தார்கள்.

"இது எந்தத் தண்ணிங்கக்கா?"

அவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் பந்தல் காலைப் பார்த்தார்.

"சித்தி ஊட்டுதுங்க" என்றார்கள், மெதுவாக.

"அது எங்கூட்டுலயே இருக்குதுங்கக்கா. உங்கூட்டுது கொண்டாங்க."

உள்ளே போய் வேறு சொம்பு கொண்டுவந்தார்கள். சரசு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அண்ணாந்து குடித்தேன். உப்பு என்றால் சாதாரண உப்பு இல்லை, சுண்ணாம்பும் சேர்ந்து பல்லில் நறநறவென்றது.

"நல்லாருக்குதுங்களா தம்பி?" என்றார்கள் அக்கா.

"இன்னொரு சொம்பு குடுங்கக்கா" என்றேன்.